இரண்டு கதவுகளுக்கு நடுவே

கணவன் கொடுவாளைத் தூக்கிய அன்று மாதப்பன் மலையடியிலுள்ள ராமாபுரத்தை விட்டு ஓடிவந்த வடிவுக்கு, மைசூருக்கு வெளியே ஒரு பொட்டலில் அடைக்கலம் கிடைத்தது. செவ்வாய்க் கிரகத்தில் மனிதர் எப்படிப் பிழைப்பார்கள் என்று பார்ப்பதற்காகக் கட்டிய, காற்றுப் புகாத கூடு அது. உள்ளே நான்கு பேர். குளித்த தண்ணீரே சுத்தமாகிக் குடிக்க வரும். அவர்கள் கழிவே செடிக்கு உரம். கீரை வளர்க்கத் தெரிந்தவள் என்று அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். நுழைவாயிலில் வெளிக்கதவு, உள்கதவு என்று இரண்டு; நடுவே ஒரு சிறு இடையறை. சோதனை முடியும்வரை உள்கதவைத் திறக்கக் கூடாது. அவளுக்கு அடி விழாத ஒரே வீடு அதுதான்.

அங்கேயும் வந்துவிட்டான் அவள் கணவன் சேகரன். காவலாளியின் மண்டையைப் பிளந்துவிட்டுத்தான் வந்தான். அது அவளுக்குத் தெரியாது. ஒலிபெருக்கியில் குரல் மட்டும் கேட்டது.

"வடிவு, மாதப்பன் மேல ஆணை. உம்மேல கை வெக்க மாட்டேன். மொகத்தைப் பாத்துட்டுப் போயர்றேன்."

"பேடக்கா, வேண்டாம், தெறக்காதீங்க," என்றான் கூட்டுக்குள் மின்வேலை பார்க்கும் கன்னடக்காரன் உதயகுமார்.

"மலைச் சாமி பேரைச் சொல்லிட்டாரப்பா. அதுல பொய் சொல்ல மாட்டாங்க."

வெளிக்கதவை மட்டும் திறக்கும் பொத்தானை அழுத்தினாள். அவன் இடையறைக்குள் நுழைந்ததும் அந்தக் கதவு பின்னால் தானாகப் பூட்டிக்கொண்டது. முதுகிலிருந்து கொடுவாள் வெளியே வந்தது.

"உள்கதவைத் தெறடி. உன்னைய வெட்டி அந்தக் கீரைக்கே உரமாப் போடறேன்."

உள்கதவுக் கண்ணாடியில் வெட்டு விழுந்தது. மறுபடியும், மறுபடியும். அவள் முகத்துக்கு நேரே கீறல்கள் ஓடின. வெறியில் ஓங்கிய வாள் வழுக்கி அவன் முன்கையையே பிளந்தது. ரத்தம் பீய்ச்சியடித்துக் கண்ணாடியில் வழிந்தது.

"செத்துருவேன் புள்ளே... தெற."

அவள் கை பொத்தானுக்குப் போனது. அவன் அழுதபோதெல்லாம் தாழ்ப்பாளை நீக்கியே பழகிய கை. அப்போதுதான் பார்த்தாள்: வாள் இப்போது அவனுடைய மற்றக் கையில் இருந்தது.

உள்கதவருகே சுவரில் இருந்த, சாமான் வாங்கும் சிறு பெட்டி வழியே தன் மாற்றுப் புடவையைச் சுருட்டித் தள்ளினாள்.

"இறுக்கிக் கட்டுங்க. போலீசுக்குச் சொல்லியாச்சு. அவங்க வந்து வெளிக்கதவைத் தெறப்பாங்க."

"புருசனை விடக் கீரை பெருசாடி?"

"சாமி பேரைச் சொல்லி ஒரு கதவைத் தெறக்க வெச்சீங்க. இந்தக் கதவுக்குச் சொல்ல யாரு பேரு மிச்சம் இருக்கு?"

போலீசார் அவனை இழுத்துப் போனார்கள். மருத்துவமனையில் காவலாளி கண் விழித்தார் என்று தகவல் வந்த பிறகே வடிவு கீரைப் பாத்தியருகே உட்கார்ந்து உடைந்து அழுதாள். யாரும் தடுக்கவில்லை. அந்தக் கூட்டில் கண்ணீரும் வீணாவதில்லை. காற்றிலேறி, குழாயிலிறங்கி, கீரை வேருக்கே வந்துசேரும்.