கால்வாசித் தண்ணீர்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு பல் கிளினிக்கில் உமாமகேஸ்வரிக்கு வேலை. டாக்டர் பயன்படுத்திய கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி, உறையில் போட்டு அடுக்குவாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் கைபட்ட கருவியில் கறை இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

சுவா சூ காங் வீட்டில் அவளும் தங்கை தமயந்தியும்தான் இருந்தார்கள். இருவருக்கும் இனிக் கல்யாணம் இல்லை என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டிய பிறகு, நாற்பத்து நான்காம் வயதில் தமயந்தி மணமுடித்துக் காத்தோங்குக்குப் போனாள். உமாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு சனிக்கிழமை முழுக்கத் தான் வாயே திறக்கவில்லை என்பது, மறுநாள் காலை பரோட்டாக் கடையில் குரல் கம்மியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. அன்றே ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியும் ஆறு கப்பி மீன்களும் வாங்கி வந்தாள்.

மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்ததுபோல் கலங்கியது. அவளுக்குப் பொறுக்கவில்லை. மீன்களைக் கிண்ணத்தில் விட்டு, தொட்டியைக் காலி செய்து, கற்களைத் தேய்த்து, ஃபில்டர் பஞ்சை வெந்நீரில் அலசி, குழாய்த் தண்ணீரை நிரப்பினாள். தொட்டி பளபளத்தது. விடிந்து பார்த்தால் நான்கு மீன்கள் செத்து மிதந்தன.

தங்கையை அழைத்தாள். "விருந்தாளிங்க இருக்காங்கக்கா, அப்புறம் கூப்பிடறேன்," என்றாள் தமயந்தி. கூப்பிடவில்லை.

வேலை முடிந்ததும் மீன் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஃபாரூக் பொறுமையாகக் கேட்டார்.

"புதுத் தொட்டி கலங்கத்தான் செய்யும்லா. தானா தெளியும். வாரத்துக்கு ஒருவாட்டி கால்வாசி மட்டும் மாத்துங்க. குழாத்தண்ணியில குளோரின் இருக்கு, அப்படியே ஊத்தாதீங்க, இந்த மருந்து ரெண்டு சொட்டு விட்டு ஊத்துங்க. பஞ்ச, எடுத்த பழைய தண்ணியிலயே பிழிஞ்சிடுங்க. அதுல இருக்கிற பாக்டீரியாதான் மீனைக் காப்பாத்துது."

கிருமியைக் கொல்வதற்கே சம்பளம் வாங்குகிறவள் மருந்துக் குப்பியைக் கையில் வாங்கிக்கொண்டாள். "அப்ப நான்தான் கொன்னுட்டேன்," என்றாள்.

"தெரியாம நடந்தது. ஒரு மாசம் கழிச்சு வாங்க. இப்ப மீன் தர மாட்டேன்."

அடுத்த ஞாயிறு ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டியிலும் மறுமுனையை வாளியிலும் விட்டுக் கால்வாசித் தண்ணீரை மட்டும் இறக்கினாள். கண்ணாடியில் பாசி படிந்த ஓர் ஓரத்தைத் துடைக்கப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இரண்டாம் வாரம் இன்னொரு மீனும் போனது. மிஞ்சியது நீல வால் கொண்ட ஒன்று. தண்ணீர் மெல்லத் தெளிந்தது.

மாதக் கடைசியில் தமயந்தி வந்தாள். தொட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதானா? பாவமா இல்ல?"

"பாவந்தான்," என்றாள் உமா.

தமயந்தி நிமிரவில்லை. "அடிக்கடி வரணும்னுதான் நினைக்கிறேன்க்கா," என்றாள். ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் உமா மூன்று மீன்களோடு வீடு திரும்பினாள். ஃபாரூக் சொன்னபடி பையைப் பிரிக்காமல் தொட்டியில் மிதக்கவிட்டாள். இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாக அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நீல வால் மீன் பையைச் சுற்றிச் சுற்றி வந்தது.