மாத்தி வெச்சது

சின்னக்கானல் எஸ்டேட்டில் ஐந்தாம் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள், டிவியில் படம் நின்றுபோனால் முதலில் சூசையப்பனைத்தான் திட்டுவார்கள். தேயிலை ஃபேக்டரியில் அவர் ஃபிட்டர், வயது ஐம்பத்தாறு. மூணாறில் ஏதோ ஆபீஸில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரை வாங்கி வந்து, அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்து, அதில் சேர்த்த சினிமாக்களைப் பக்கத்து ஆறு வீடுகளுக்கும் வயர் இழுத்துக் கொடுத்திருந்தார். காசு வாங்குவதில்லை. வசவு மட்டும் வாங்குவார்.

ஆனால் அந்தப் பெட்டியை அவர் வைத்திருந்தது சினிமாவுக்காக இல்லை. அதற்குள் 'வீடு' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக ஃபோனில் எடுத்த வீடியோ எல்லாம் அதில்தான். முக்கால்வாசி அவர் மனைவி கத்தரீனாள் பேசுவதும் பாடுவதும்.

கத்தரீனாள் கொழுந்து கிள்ளப் போனவள். கோயில் பாட்டுக் குழுவில் முதல் வரியை எடுத்துக் கொடுப்பது அவள்தான். பேச்சில் அவளை ஜெயிக்க லயத்தில் ஆளில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் தொண்டையில் கட்டி வந்தது. திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டாள். கழுத்தில் இருக்கும் துளை வழியாக மூச்சு விடுகிறாள். உதடு அசையும், சத்தம் வராது. கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவாள்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது சூசையப்பன் ஏதாவது ஒரு வீடியோவைப் போடுவார். பெரும்பாலும் குழாயடியில் அவள் அவரைத் திட்டுவது. "நல்ல ஆளுதான் நீங்க. ஊரு மோட்டாரெல்லாம் ஓட வைக்கீங்க, நம்ம வீட்டு மிக்ஸி மட்டும் ஓடாது." கத்தரீனாள் கேட்காத மாதிரி அடுப்பைப் பார்த்து நிற்பாள். அந்த இடம் வந்ததும் உதடு மட்டும் கூடவே அசையும்.

ஆடி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில், பெட்டிக்குள் இருந்த டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. ஃபிட்டர் காதுக்கு அந்தச் சத்தம் போதும். அன்றைக்கே ஒரு சின்ன எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி வந்து, இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் அதில் காப்பி செய்தார். முடிந்த மறுநாள் பழைய டிஸ்க் செத்துப்போனது. சின்ன டிஸ்க்கின் மேல் பிளாஸ்டர் ஒட்டி, மார்க்கர் பேனாவால் 'மாத்தி வெச்சது' என்று எழுதி வைத்தார்.

அப்புறம் நான்கு மடங்கு பெரிய புது டிஸ்க் ஒன்றைப் பெட்டிக்குள் மாட்டினார். பக்கத்து வீட்டுத் தொந்தரவு தாங்காமல் முதலில் சினிமாக்களை மட்டும் அதில் ஏற்றினார். 'வீடு' ஃபோல்டரை ஞாயிற்றுக்கிழமை நிதானமாக ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்.

சனிக்கிழமை மகள் சிஞ்சுவும் மருமகன் அஜயும் போடியிலிருந்து வந்தார்கள். அஜய் தேனியில் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்ப்பவன். ஞாயிறு காலை பூசை முடிந்து வரும்போதே ஃபேக்டரியிலிருந்து ஆள் வந்துவிட்டது. டிரையர் நின்றுவிட்டதாம்.

"மாப்ள, நான் போய்ட்டு வாரேன். அந்தப் பெட்டி வேலைய முடிச்சிருங்க. டிஸ்க்ல எழுதி ஒட்டிருக்கேன்."

"நீங்க போங்க மாமா. நான் பாத்துக்கிடுதேன்."

சாயங்காலம் நாலு மணிக்கு, கையில் கிரீஸோடு திரும்பி வந்தார். அஜய் சிரித்துக்கொண்டே எழுந்தான்.

"இனிமே பயமே இல்ல மாமா. எல்லாம் ரெண்டு காப்பி இருக்கு. சின்ன டிஸ்க்க சுத்தமா அழிச்சுட்டு, புதுசுல இருக்கத அப்படியே அதுல பேக்கப் எடுத்துட்டேன்."

சூசையப்பன் கைகூடக் கழுவாமல் மவுஸைப் பிடித்தார். புது டிஸ்க்கைத் திறந்தார். சின்னதைத் திறந்தார். இரண்டிலும் சினிமா.

"வீடு எங்க மாப்ள?"

"எந்த வீடு மாமா?"

அஜய் மேசையிலிருந்த சின்ன டிஸ்க்கை எடுத்துப் பிளாஸ்டரைக் காட்டினான். "மாத்தி வெச்சதுன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க. எல்லாத்தையும் புதுசுக்கு மாத்தியாச்சு, இது சும்மா கெடக்குன்னு..."

"மாத்தி வெச்சதுதான். யாரும் தொடக்கூடாதுன்னு மாத்தி வெச்சது."

அஜய்க்குப் புரியவில்லை. சிஞ்சுதான் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "இங்க மாத்தி வைக்கதுன்னா தனியா எடுத்து வைக்கது. மலையாளத்துல அப்படி. மீன் நல்லா வந்தா அரைக்கிலோ மாத்தி வைங்கன்னு கடையில சொல்லுவோம்லா. அவருக்குத் தெரியாதுப்பா."

சூசையப்பனுக்கு அவன் மேல் கோபப்பட ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நன்றாயிருக்கும். தமிழ் எழுத்தில் மலையாளத்தை எழுதி ஒட்டியது அவர்தான். எழுதும்போது அது மலையாளம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அடுக்களையில் பாத்திரம் தட்டும் சத்தம் கேட்டது. கத்தரீனாள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வந்து, தலை குனிந்து உட்கார்ந்திருந்த அஜயின் முன்னால் சோற்றுத் தட்டை வைத்தாள். அவன் கை வைக்கும்வரை நின்றாள். புருஷனிடம் உதட்டால் என்னவோ சொன்னாள். அவருக்கு விளங்கவில்லை. இன்னொரு முறை சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

அஜய் செத்த டிஸ்க்கையும் சின்னதையும் எடுத்துக்கொண்டு, அழிந்ததை மீட்டுத் தரும் கடையைத் தேடி எறணாகுளம்வரை போனான். செத்த டிஸ்க்கின் உள்தட்டே உரிந்துபோயிருக்கிறது, சின்னதில் அழித்த இடத்தின் மேல் சினிமா உட்கார்ந்துவிட்டது, இனி தோண்டினாலும் சினிமாதான் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஃபோனிலும் பழையது எதுவும் இல்லை. காப்பி செய்தாகிவிட்டதே என்று, இடம் பற்றாமல் அவரே அவ்வப்போது அழித்துவந்திருந்தார். ராத்திரி படுக்கையில் அந்த மிக்ஸி வசவை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பார். வார்த்தை வந்தது. அதைச் சொல்கிற குரல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூசையப்பனின் சொந்தக் குரலாகிக்கொண்டே வந்தது.

அவள் குரல் யாரிடமாவது இருக்கிறதா என்று லயம் லயமாக ஏறி விசாரித்தார். மூன்றாம் லயத்து ஷீனாவின் கல்யாண சிடி ஒன்று கிடைத்தது. அதில் பாட்டுக் குழு பாடுகிறது. ஒன்பது பெண்கள், கத்தரீனாளும் அதில் ஒருத்தி. அன்றைக்கென்று முதல் வரியை எடுத்துக் கொடுத்தது மடத்து சிஸ்டர். கேமரா முழுக்க மாப்பிள்ளை பெண் மேலேயே நிற்கிறது. பாடுகிறவர்கள் முகம் ஒன்றுகூடத் தெரியவில்லை.

மூன்று நாள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். ஒரு குரல் அவள் மாதிரி இருக்கும். அடுத்த தடவை வேறொன்று இருக்கும். நான்காம் நாள் கத்தரீனாளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"இதுல நீ எது?"

அவள் ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டாள். இன்னொரு தரம் போடச் சொல்லி விரல் காட்டினாள். போட்டார். மூன்றாம் தரமும் போட்டார். பாட்டு முடிந்ததும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். உதடு அசைந்தது. இந்தத் தடவை அவருக்கு விளங்கியது. தெரியல.