தடிமன் என்று எழுதிய துண்டு

கட்டுகஸ்தோட்டையில் ஒரு டொக்டரின் டிஸ்பென்சரியில் நம்பர் கொடுப்பதும் போன் எடுப்பதும் என் வேலை. டொக்டர் என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கலஹாவிலிருந்து பஸ் மாறி வரும் எனக்கு, சமாளிக்கும் அளவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்ற நினைப்பு இருந்தது.

போன ஐப்பசியில் ஒரு மழை மத்தியானம் வெள்ளைக்காரப் பெண் ஒருவர் போன் செய்தார். "மை ஹஸ்பண்ட் இஸ் கோல்ட். வெரி கோல்ட்" என்றார். கோல்ட் என்றால் தடிமன், சளி பிடிப்பது. நம்பர் எழுதும் காகிதத் துண்டில் அப்படியே எழுதி, பதினெட்டாம் நம்பர், ஐந்து மணிக்கு வரலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அரை மணி நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. புருஷனைத் துவாயால் சுற்றிக் கைத்தாங்கலாக இறக்கினார் அந்தப் பெண். மலை ஏறப் போய் மணிக்கணக்காக மழையில் மாட்டிக்கொண்டார்களாம். அந்த மனிதரின் உதடு நீலமாக இருந்தது. காத்திருந்தவர்கள் தாங்களாகவே வழிவிட்டார்கள். ஈர உடுப்பைக் கழற்றி, போர்வை சுற்றி, இனிப்பான சுடுதேநீரை மெதுவாகக் குடிக்க வைத்தார் டொக்டர். நடுக்கம் அடங்க வெகுநேரம் பிடித்தது. போகும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

எல்லாரும் போனபிறகு டொக்டர் துண்டை எடுத்துப் பார்த்தார். கோபப்படவில்லை.

"'ஹேஸ் எ கோல்ட்'னா அது பெயர்ச்சொல் அக்கா, தடிமன்ங்கிற வருத்தத்தோட பேரு. 'இஸ் கோல்ட்'னா பெயரடை. ஆள் குளிர்ல வெறைச்சுப் போயிருக்காருன்னு அர்த்தம்."

சொல் ஒன்றுதான், எழுத்தும் மாறவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். 'இஸ்' வந்தால் பெயரடை என்றார்.

"'திஸ் இஸ் டீ'ன்னும் சொல்றோமே டொக்டர். அப்ப டீயும் பெயரடையா?"

அவர் அந்தச் சொல்லுக்கு முன்னால் 'வெரி' போட்டுப் பார்க்கச் சொன்னார். வெரி கோல்ட் சரி, வெரி டீ சரியில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. உடனே கதவில் ஒட்டியிருந்த 'பேஷண்ட்' என்ற சொல்லில் சோதித்தேன். நோயாளி பெயர்ச்சொல், ஆகவே 'வெரி பேஷண்ட்' என்று வரவே வராது என்றேன்.

"அதுவும் வரும் அக்கா. ரொம்பப் பொறுமையானவங்கன்னு அர்த்தம்."

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணுக்குள் அந்த நீல உதடுதான் இருந்தது.

அதன்பிறகு போனில் ஒவ்வொன்றாகக் கேட்கிறேன்: ஃபீவரா, இருமலா, நடுக்கமா? போன வாரம் ஒருவர் 'ஃபீவரிஷ்' என்றார். ஃபீவர் பெயர்ச்சொல் என்று தெரியும். அதற்கு 'இஷ்' என்று வால் முளைத்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. போனை வைக்காமலே எழுந்துபோய் டொக்டரைக் கேட்டேன்.