அசையாப் போட்டியின் நடுவர்

குபேந்திரன் அண்ணன் மறைந்த செய்தியைத் திருநகரிலிருந்து என் தங்கை மகள் தர்ஷினிதான் போனில் சொன்னாள். “மாமா, ஸ்கேன் அங்கிள் இறந்துட்டாராம்.” மூவுலகையும் வாயாலேயே ஆளும் நான் “இதோ வர்றேன்” என்று மட்டும் சொல்லிச் சட்டையை மாட்டினேன்.

அவரிடம் பிள்ளைகளைக் கொண்டுபோன பெற்றோருக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தர்ஷினிக்கு நாலு வயதில் வயிற்றுக்குள் நரம்புத் திசுவில் புற்றுக்கட்டி வந்தது. அது எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்க, ஆஸ்பத்திரியில் லேசான கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, மறுநாள் படம் எடுப்பார்கள். எடுப்பவர் இவர். “அந்த மருந்துன்னா இந்தக் கட்டிக்கு உசுரு. எங்க ஒளிஞ்சிருந்தாலும் உறிஞ்சிக்கிட்டுக் கறுப்பாத் தெரிஞ்சிரும்” என்பார்.

படம் முடியும்வரை பிள்ளை அசையக் கூடாது. தர்ஷினியோ புயலுக்கு மூத்தவள். அண்ணன் ஒரு நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்தார். “பாப்பா, ஒனக்கும் மாமாவுக்கும் போட்டி. யாரு அசையிறாங்கன்னு பாப்போம்.” ஏழு பிறவியிலும் தோல்வி அறியாத நான் ஏழாவது நொடியில் மூக்கைச் சொறிந்தேன். “மாமா அவுட்டு!” என்றார். சிலைபோல் படுத்திருந்தவள் கண்ணால் மட்டும் சிரித்தாள். “அசையாத பிள்ளைன்னு கெடையாது மாப்ள. ஜெயிக்கிற பிள்ளைதான் உண்டு” என்றார். இயந்திரத்தை மட்டும் தன் வீட்டுச் சௌராஷ்டிர மொழியில் கொஞ்சுவார்.

புற்றுக்கான சிகிச்சையும் அறுவையும் முடிந்து, கட்டி மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும் நாள் வந்தது. திரையை எட்டிப் பார்த்தேன். அடிவயிற்றில் கன்னங்கரேலென்று ஒரு திட்டு. நான் போட்ட ஓலத்தில் கீழக்குயில்குடிச் சமணர் மலை ஓர் அங்குலம் நகர்ந்திருக்கும்.

“அட, எதுக்கு இம்புட்டுச் சத்தம்? தங்கச்சி, பிள்ளைய ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க” என்றார் அண்ணன், என் தங்கையிடம்.

போய் வந்தாள். மறுபடி எடுத்தார். திட்டு காணாமல் போயிருந்தது.

“மருந்து வெளிய போற வழி மாப்ள, மூத்திரப்பை. மிச்சத்த டாக்டர் பாத்துச் சொல்வாங்க.”

டாக்டரும் சொன்னார்: எங்கேயும் மருந்து ஒட்டவில்லை, கட்டி மிச்சமில்லை.

இப்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தர்ஷினியோடு அஞ்சலிக்குப் போனேன். இருவரும் அசையாமல் நின்றோம். என் தோள் குலுங்கியது.

“மாமா, நீங்க அவுட்டு” என்றாள் மெதுவாக, என் கையைப் பிடித்துக்கொண்டு.

முதல் படத்தைப் பார்த்ததும் ஓலமிடாமல் இரண்டாவது படத்துக்குக் காத்திருப்பது: அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். இந்தப் பிள்ளையின் சூடான கையையும் அவர் கணக்கில்தான் சேர்க்கிறேன்.