கிழித்த கடைசிப் பக்கங்கள்

என் மகளைப் புத்தகத்தின் முன்னால் உட்கார வைப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும். பத்து வயதில் அவள் தானாக எடுத்துப் படித்த முதல் புத்தகம், உத்திரமேரூர் நூலகத்திலிருந்து நான் எனக்காகக் கொண்டுவந்த துப்பறியும் கதை. அதன் கடைசிப் பக்கங்களைத்தான் என் கணவர் கிழித்து, ஆயில் இன்ஜின் பிசுக்கைத் துடைத்துப் போட்டுவிட்டார்.

“கொலகாரன் யாருன்னு தெரியாம எப்டி நைனா?” என்று அவள் அழுதாள்.

“உனுக்குப் புடிக்காதவன் எவனோ, அவன்தான்னு வெச்சிக்கோ” என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் பள்ளி விட்டும் அவள் வீடு திரும்பவில்லை. ஊரெல்லாம் தேடிவிட்டு, கடைசியில் கழனிக் கிணற்றுக்கு ஓடினோம். விழுந்த குடத்தை எடுக்கும் பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி அவர் உள்ளே இறக்கினார். அதன் இரும்புக் கொக்கிகள் கிணற்றுச் சுவரில் உரசிச் சத்தமிட்டன; எதிலாவது மாட்டும்போதெல்லாம் நான் குனிந்து எட்டிப் பார்த்தேன். இன்றும் கிணற்றில் அந்த இரும்புச் சத்தம் கேட்டால் என்னால் அங்கே நிற்க முடிவதில்லை.

இருட்டுகிற நேரத்தில் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள்.

“எங்கடி போயிருந்த?”

“லைப்ரரிக்கும்மா. அங்க அதே புக்கு இன்னொண்ணு கீது. டாக்டருதான் கொன்னாரு.”

முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். “சொல்லிட்டுப் போனா இன்னாடி?”

“சொன்னா வுட்டிருப்பியா?”

ஈரக் கயிற்றோடு நின்றவர் பக்கம் திரும்பினேன். “இப்ப சிரிங்களேன்!”

அவள் மார்போடு இன்னொரு புத்தகத்தை அணைத்திருந்தாள். என் பெயரைச் சொல்லி வாங்கி வந்தது. ஆத்திரத்தோடு பிடுங்கினேன். முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் பார்த்தேன். இருந்தது.