அம்மாவின் கட்டுப்பல்

அம்மா பேசும்போது வாய்க்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் வரும். மேல்வரிசைப் பல் இறங்கிக் கீழ்வரிசையில் தட்டுகிற சத்தம். ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்டில் நானும் அம்மாவும் மட்டும்தான் இருந்தோம், அதனால் அது எனக்குப் பழகிப்போயிருந்தது. நான் பிறந்த பிறகு அம்மாவின் பற்கள் ஒவ்வொன்றாக ஆட்டங்கண்டு, கடைசியில் எல்லாவற்றையும் பிடுங்கவேண்டி வந்ததாம். யாழ்ப்பாணத்தில் அப்பாதான் கூட்டிக்கொண்டுபோய்க் கட்டுப்பல் வைப்பித்தார். அதற்குப் பிறகு அவர் சவூதிக்குப் போய்விட்டார். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு மாமா எங்களைக் கனடாவுக்கு எடுப்பித்தார். அப்பாவின் விசா அலுவல் மட்டும் இழுபட்டுக்கொண்டே போனது.

நான் நான்காம் வகுப்புப் படித்த குளிர்காலத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். ரீச்சருக்குச் சொல்லவென்று அம்மா இரண்டு ஆங்கில வசனங்களைப் பாடமாக்கி வைத்திருந்தார். முதலாவது வசனத்தின் நடுவிலேயே மேல்செட் கழன்று உதட்டுக்கு வெளியே வந்துவிட்டது. அம்மா கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டார். ரீச்சர் நல்லவர், யன்னல் பக்கம் திரும்பிப் பனியைப் பார்த்தார். வீடு வரும்வரை அந்தக் கையை இறக்கவில்லை.

அன்றிலிருந்து நான் அம்மாவைக் கவனிக்கத் தொடங்கினேன். கவனிக்கக் கவனிக்கப் பயம்தான் கூடியது. பாண் ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்துத்தான் சாப்பிடுகிறார். கறியில் இறைச்சித் துண்டுகள் எல்லாம் என் சாப்பாட்டுக் கோப்பைக்கு வந்துவிடுகின்றன. உதட்டின் இரண்டு ஓரமும் வெடித்துச் சிவந்திருந்தன. முரசு, அதுதான் பல்லீறு, நொந்தால் செட்டைக் கழற்றி, நகம் தேய்க்கும் அரத்தால் குத்துகிற இடத்தை இராவுவார். இப்படியே மெலிந்து மெலிந்து அப்பா வருவதற்குள் அம்மா இல்லாமற்போய்விட்டால், அந்த நாட்டில் எனக்கு யார் சாப்பாடு தருவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மில்லிக்கனில் மாமா வீட்டில் சாப்பிட்டபோது மாமிதான் அதைக் கண்டுபிடித்தார்.

“மச்சாள், உது தேஞ்சு போச்சு. மாத்தத்தான் வேணும்.”

இன்னும் கொஞ்சக் காலம் ஓடும் என்று அம்மா சமாளித்தார். மாமி விடவில்லை. அடுத்த சனிக்கிழமையே கட்டுப்பல் செய்கிற ஒருவரிடம் எங்களைக் கொண்டுபோய் விட்டார். மொழிபெயர்ப்பு என் வேலை. அவர் செட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, இதை ஒருபோதும் அரத்தால் தொடக்கூடாது என்றார். முரசு வற்றிவிட்டது, அதனால்தான் செட் ஆடுகிறது. பல்லும் தேய்ந்து கட்டையாகிவிட்டது, அதனால்தான் வாய் உள்ளே மடிகிறது என்றார். வலி வரும்வரை காத்திருந்ததே பிழை, ஆடத் தொடங்கியபோதே வந்திருக்கவேண்டும். புதியது போட்டால் முகமே மாறும் என்று சொல்லிச் சிரித்தார்.

“முகம் மாறுமாம் அம்மா,” என்றேன்.

அம்மாவின் முகத்தில் அப்போது வந்த கலவரம் எனக்கும் தொற்றிக்கொண்டது. யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

அந்த மாதமே அப்பாவுக்கு விசா கிடைத்துவிட்டதாக ரெலிபோன் வந்தது. இனிப் பல்லைப் பற்றிக் கதைக்கவேண்டாம் என்று மாமிக்கு அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார்.

“அவர் வந்து ஆரோ எண்டு பாக்கிறதுக்கோ?”

ஆனால் பல் கேட்கவில்லை. அப்பா வர சில கிழமைகள் இருக்கையில், காலைச் சாப்பாட்டின்போது மேல்செட் நடுவால் வெடித்து இரண்டாகிவிட்டது. அம்மா பசை பூசி ஒட்டிப் பார்த்தார். வாய்க்குள் போனதும் மறுபடி பிரிந்தது. வாயைச் சால்வையால் மூடிக்கொண்டு ஃபாக்ரரி வேலைக்குப் போய்வந்தார். வேறு வழியில்லாமல் புதியது செய்யக் கொடுத்தோம்.

புதுப் பல்லோடு வந்த அம்மாவை எனக்குப் பிடிக்கவில்லை. உதடுகள் நிமிர்ந்து, நாடி கீழே இறங்கி, கன்னம் நிறைந்து, யாரோ ஓர் இளம்பெண் எங்கள் குசினியில் நின்று சமைத்தாள். ‘ச’ வரும் இடங்களில் நாக்குத் தடுமாறியதால், பழகுவதற்காகப் பழைய பேப்பர்களைச் சத்தமாக வாசித்துக்கொண்டே இருந்தாள். நான் தள்ளியே இருந்தேன். எனக்கு ஒரே கவலைதான். என்னை அப்பாவுக்கு அடையாளம் தெரியப்போவதில்லை, நான் வளர்ந்துவிட்டேன். அம்மாவையும் தெரியாவிட்டால் யாரை நம்பி எங்களோடு வருவார்? சொந்தக்காரரை அடையாளம் காட்டாதவர்களை அடுத்த பிளேனில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நானாகவே நம்பியிருந்தேன்.

மிசிசாகாவில் இருக்கும் விமான நிலையத்துக்கு மாமா கூட்டிப்போனார். கதவு திறந்து திறந்து மூடியது. வந்தவர்கள் எல்லாரும் எங்களைக் கடந்து போனார்கள். கடைசியில் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் அம்மாவுக்கு முன்னால் நின்றார். நின்றவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். அம்மாவின் கை தானாக வாயை மூட எழுந்து, பாதியில் இறங்கியது.

“நீர் அப்பிடியேதான் இருக்கிறீர்,” என்றார் அவர்.

அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கோ நிம்மதி வரவில்லை. இவ்வளவு பெரிய மாற்றம் தெரியாதவருக்கு ஒன்றில் பார்வை குறைவாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அவர் பொய் சொல்கிறவராக இருக்கவேண்டும். இரண்டுமே ஓர் அப்பாவுக்கு நல்லதென்று எனக்குப் படவில்லை. காரில் அம்மாவின் காதுக்குள் கேட்டேன்.

“அப்பாவுக்குக் கண் தெரியாதோ?”

“வடிவாத் தெரியும் பிள்ளை,” என்றார் அம்மா.

அந்தப் பதில் எனக்கு விளங்கவில்லை. முன்னிருக்கையில் அப்பா மாமாவோடு பேசிக்கொண்டிருந்தார். இடையிடையே திரும்பிப் பின்னால் பார்த்தார். சவூதிக்குப் புறப்பட்ட அன்று, பல் தேய்வதற்கு முன்பு, அம்மாவிடம் அவர் பார்த்துவிட்டுப் போன முகம் எனக்கு ஞாபகமில்லை. அவருக்கோ அது ஒன்றுதான் ஞாபகம்.