டோர் நம்பர் கேட்ட லேப்காரம்மா

கண்ணுங்களா, அம்மாவுக்கு எலும்பு மஜ்ஜை தர, சேக்காட்டில் இருக்கும் உங்கள் மாமா பொருந்துகிறார் என்று முதல் ரிப்போர்ட் வந்ததும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். அதை ஏற்காமல் மறுபடி மாமாவின் ரத்தம் கேட்ட லேப்காரம்மாவை எனக்கு இன்றும் பிடிக்காது. கடுகடுத்த முகம். ஒவ்வொரு ரத்தக் குப்பியின் பெயரையும் இரண்டு முறை வாய்விட்டுப் படிப்பாள்.

“சொந்தத்துலயே கட்டிகினு வந்த குடும்பம்மா. ஒரே ரத்தம். இன்னாத்துக்கு இன்னொரு தபா குத்துறே?” என்று கத்தினேன்.

“அந்த மொத டெஸ்ட் மேலோட்டம், தெருவத்தாண்ணே சொல்லும். எனக்கு டோர் நம்பர் வேணும். பொருந்தாத மஜ்ஜைய ஏத்துனா உங்க சம்சாரம் தாங்க மாட்டாங்க. கத்தறதுன்னா வெளில போய்க் கத்துங்க.”

புதிய முடிவில் மாமா பொருந்தவில்லை. ஜெயித்தவள் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்குப் புரியவேயில்லை. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் தனியாக நின்று, “மாமா பொருந்தல. லேப்காரம்மா சொன்னதுதான் சரி. வேற ஆள் தேடணும்” என்று எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பினேன்.